சின்ன ஆபரேஷன்தானே? முதல்ல காலைப் பாருங்க

காஞ்சிபுரத்துல குழித்தறி நெசவாளிக்குக் கால்தான் பாதித் தொழில். குழிக்குள்ள காலை விட்டு மிதிபலகையை அழுத்தினாத்தான் தறி ஓடும். அந்தக் கால் கட்டைவிரல்ல நகம் சதைக்குள்ள வளர்ந்து சீழ் பிடிச்சா, ஓரத்தை வெட்டி எடுக்கணும். விரலை மட்டும் மரத்துப்போக வெச்சுச் செய்யுற சின்ன வேலை. ஆனா முக்கியமான கேள்வி வேற: புண் ஆறுமா?

அதுக்கு முன்கூட்டியே மூணு விஷயம் பார்ப்பாங்க.

ஒண்ணு, ரத்த ஓட்டம். பாதத்தின் மேலேயும் உள்கணுக்காலுக்குப் பின்னாடியும் நாடி பார்ப்பாங்க. சந்தேகம்னா, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால வகுப்பாங்க. 0.9-க்குக் கீழே போனா ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். சர்க்கரை நோயில் குழாய் கெட்டிப்பட்டா, இந்த எண் நல்லா இருக்குற மாதிரி ஏமாத்தவும் செய்யும்.

ரெண்டு, உணர்ச்சி. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால பாதத்தைத் தொடுவாங்க. தெரியலன்னா நரம்பு பாதிப்பு. அவங்க வரதராஜப் பெருமாள் கோயில்ல வெயில் கல்லுல நடந்து கொப்புளம் வந்தாலும் வலிக்காது. கட்டுக்குள்ள சீழ் வெச்சாலும் அப்படித்தான்.

மூணு, சர்க்கரை அளவும் மருந்துகளும். ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை, ஒவ்வாமை, பீடி, சிகரெட் எதையும் மறைக்காதீங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

ரத்த ஓட்டம் குறைவுன்னா, முதல்ல ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்கணும். கால் சிவந்து வீங்கி காய்ச்சல் அடிச்சா, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

சர்க்கரை இருக்குற அப்பா, “நகம்தானே, பிளேடால நானே எடுத்துக்கறேன்”னு சொன்னா, பிளேடை வாங்கி வெச்சிட்டு அவரைக் கூட்டிட்டுப் போங்க.