வளையும் உலோகமும் பிசகிய அணுவரிசையும்

உப்புக்கல், வைரம், செம்புக் கம்பி ஆகிய மூன்றும் படிகங்களே என்பதும், அவற்றினுள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் முப்பரிமாணத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுள்ளன என்பதும், 1912இல் மாக்ஸ் வான் லாவேயின் யோசனைப்படி எக்ஸ் கதிர்களைப் படிகத்தினூடே செலுத்திப் பார்த்த சோதனைக்குப் பிறகு ஐயமின்றி உறுதியாயின. கண்ணாடியில் இத்தகைய நெடுந்தொலைவு ஒழுங்கு இல்லாததால், அது திண்மமாக இருந்தும் படிகமாகாது.

அடுக்கு தெரிந்ததும் கூடவே ஒரு புதிரும் எழுந்தது. குறையே இல்லாத படிகத்தில் ஓர் அணுத்தளம் முழுவதையும் அடுத்த தளத்தின்மேல் ஒரே வீச்சில் சறுக்கச் செய்ய எவ்வளவு தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின்மீது எவ்வளவு விசை, தேவைப்படும் என்று 1926இல் யாக்கோவ் பிரெங்கல் கணக்கிட்டார். அவரது கணக்கின்படி செம்பு வளைவதற்குப் பல ஆயிரம் மெகாபாஸ்கல் வேண்டும். ஆனால் தூய செம்பின் ஒற்றைப் படிகம் ஏறத்தாழ ஒரு மெகாபாஸ்கலிலேயே நிலையாக உருமாறத் தொடங்கிவிடுகிறது. கணக்குக்கும் உண்மைக்கும் இடையே இத்தனை ஆயிரம் மடங்கு வேறுபாடு இருந்தால், அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

1934இல் ஜெஃப்ரி டெய்லர், ஈகான் ஒரோவன், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். படிகத்தின் உள்ளே ஓர் அணுத்தளம் பாதி வழியில் நின்றுபோயிருக்கிறது என்று கொண்டால், அது முடியும் விளிம்பை ஒட்டி ஒரு நீண்ட கோடு நெடுகிலும் அணுவரிசை பிசகியிருக்கும். இக்கோட்டுக் குறைபாடே இடப்பிறழ்வு எனப்படுகிறது. வெளியிலிருந்து விசை செலுத்தும்போது தளம் முழுவதும் ஒருசேர நகர்வதில்லை. விளிம்பில் உள்ள பிணைப்புகள் மட்டும் அறுந்து பக்கத்து வரிசையோடு சேர்ந்துகொள்ள, பிசகு ஒவ்வோர் அணுவரிசையாகத் தாண்டிச் சென்று, படிகத்தின் மறுபக்கத்தில் ஓரணு அகலப் படியாக வெளிப்படுகிறது. பெரிய ஜமக்காளத்தை முழுதாக இழுக்காமல், ஓரத்தில் ஒரு சுருக்கத்தை எழுப்பி அதை மறுமுனை வரை தள்ளிச் செல்வதைப் போன்றது இது.

உலோகத்தைப் பொறுத்தவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் இது கண்ணால் காணாத கருத்தாகவே இருந்தது. 1947இல் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் சோப்புக் கரைசலின் மேற்பரப்பில் மில்லிமீட்டர் அளவிலும் அதனினும் சிறிதாகவும் ஒரே பருமனுள்ள குமிழிகளை ஆயிரக்கணக்கில் மிதக்கவிட்டனர். அவை தாமாகவே அறுகோண ஒழுங்கில் நெருங்கி அடுக்கிக்கொண்டன. அந்தக் குமிழிப் பரப்பை நெருக்கியபோது, ஒரு பிசகு வரிசைகளுக்கிடையே விரைந்தோடி ஓரத்தில் மறைவது வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. உண்மையான உலோகத்திலேயே இடப்பிறழ்வுகள் நகர்வதை, 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் அவருடைய குழுவினரும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துக் கண்டனர்.

பள்ளி வேதியியல் பாடம் பெரும்பாலும் புள்ளிக் குறைபாடுகளோடு நின்றுவிடுகிறது. அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது அவற்றுள் எளியது. செம்பு உருகுநிலையை நெருங்கும்போது ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்று காலியாக இருக்கும், அக்காலியிடங்கள் வழியாகவே திண்மத்துக்குள் அணுக்கள் இடம் மாறுகின்றன. இவை முக்கியமானவைதாம், ஆயினும் பட்டறையில் உலோகம் நடந்துகொள்ளும் விதத்தை விளக்க இவை மட்டும் போதா.

புதிய செம்புக் கம்பியை வளைத்துவிட்டு, அதே இடத்தில் மீண்டும் நிமிர்த்த முயன்றால் அது கைக்கு அடங்காமல் அடுத்த பகுதியில் வளைவதைக் காணலாம். முதல் வளைவின்போது இடப்பிறழ்வுகள் பல்கிப் பெருகி, ஒன்றன் பாதையில் மற்றொன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொண்டதால் அவ்விடம் கடினமாகிவிட்டது. நன்கு காய்ச்சி ஆறவைத்த உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள இடப்பிறழ்வுக் கோடுகளை நீட்டி இணைத்தால் பத்து முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வரும். கடுமையாக அடித்து நெளித்த உலோகத்திலோ அது ஒரு கோடி கிலோமீட்டரை எட்டக்கூடும், நிலவுக்குப் பத்துத் தடவைக்கு மேல் போய்வரும் தொலைவு அது. கன்னார் செம்புத் தகட்டைச் சிறிது நேரம் தட்டியதும் மீண்டும் நெருப்பில் காட்டுவது இதனால்தான்: வெப்பத்தில் அணுக்கள் நகர்ந்து, சிக்கல்கள் அவிழ்ந்து, குறை குறைந்த புதிய படிகத் துகள்கள் உருவாகி, தகடு மறுபடியும் இளகுகிறது. செம்பில் வெள்ளீயத்தைக் கலந்தால் கிடைக்கும் வெண்கலம் செம்பைவிடக் கடினமாக இருப்பதற்கும், பருமன் வேறான வெள்ளீய அணுக்கள் இடப்பிறழ்வின் ஓட்டத்தைத் தடுப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உலோகத்தை வலிமையாக்க இரண்டு வழிகள் உண்டு: இடப்பிறழ்வுகளை நகரவிடாமல் செய்யலாம், அல்லது அவற்றை அறவே நீக்கிவிடலாம். பின்னதும் வெறும் கற்பனையன்று. 1952இல் ஹெரிங், கால்ட் இருவரும் மயிரினும் மெல்லிய வெள்ளீய இழைகளைச் சோதித்தபோது, அவற்றின் வலிமை பிரெங்கலின் கணக்குக்கு அருகில் வந்தது. பெரிய அளவில் இதைச் சாதித்தது சிலிக்கான் தொழிலே. உருகிய சிலிக்கானிலிருந்து படிகத்தை மேலே இழுக்கும்போது முதலில் ஒரு மெல்லிய கழுத்தாக வளர்த்தால், சாய்ந்த தளங்களில் கிடக்கும் இடப்பிறழ்வுகள் பக்கவாட்டில் வெளியேறிவிடுகின்றன என்று 1950களின் இறுதியில் வில்லியம் டாஷ் காட்டினார். அதன் பிறகு படிகத்தைப் பருக்கவிட்டால் அது இடப்பிறழ்வின்றியே வளர்கிறது. சில்லுகளுக்கான சிலிக்கான் தண்டுகள் இன்றும் இம்முறையில்தான் இழுக்கப்படுகின்றன. நூறு கிலோவைத் தாண்டும் தண்டின் எடை முழுவதையும் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள அக்கழுத்து அறுந்துபோகாமல் தாங்குகிறது.