பிக்கப் டிரக்கின் அடிவயிறு

2022 ஜூன் நடுவில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை வரலாற்றிலேயே முதன்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஒரு கேலன் 3.785 லிட்டர். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் கிடைக்கும் பெரிய டேங்க் 36 கேலன் பிடிக்கும். நம் கணக்கில் 136 லிட்டர். அன்றைய விலையில் அதை நிரப்ப 180 டாலர் ஆகும். அந்தக் கோடையில் பிக்கப்புகளின் அடியில் படுத்து, டேங்கில் துளை போட்டுப் பெட்ரோலை வடித்துக்கொண்டு போகும் திருட்டு ஊர் ஊராகச் செய்தியானது. கதவுக்கு, ஸ்டியரிங்குக்கு, டேங்கின் வாய்க்கு என்று எல்லாவற்றுக்கும் பூட்டு வைத்த வண்டியில், அடியில் மட்டும் வெறும் பிளாஸ்டிக் இருந்தது.

மேல்வழி அடைபட்ட கதை

பெட்ரோல் திருட்டு அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டின. அன்றைய திருடனுக்கு ஒரு ரப்பர் குழாயும் ஒரு கேனும் போதும். குழாயின் ஒரு முனையை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சிக் கீழே இறக்கினால் பெட்ரோல் தானாக வழிந்துவிடும். உறிஞ்சுவதில் ஆபத்தும் உண்டு: ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான அழற்சி வரும். சாவி போட்டுப் பூட்டும் டேங்க் மூடிகள் அந்தக் காலத்தில்தான் சூடாக விற்றன.

அதற்குப் பிறகு டேங்கின் வாயில் வந்து சேர்ந்த தடைகள் பெரும்பாலும் திருடனை மனத்தில் வைத்துச் செய்தவை அல்ல. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டக் கூடாது என்று டேங்க் முகப்பில் ஒரு தடுப்பு வால்வு வந்தது. பெட்ரோல் போடும்போது ஆவி வெளியே போய்க் காற்றைக் கெடுக்கக் கூடாது என்ற விதி 1998 மாடல் கார்களில் தொடங்கி, பிறகு படிப்படியாக லைட் டிரக்குகளுக்கும் வந்தது. அதற்காக நிரப்பும் குழாயைக் குறுக்கினார்கள். உள்ளே பாயும் பெட்ரோலே குழாயை அடைத்து நிற்க, ஆவி கரிப்பெட்டி ஒன்றுக்குப் போய்ச் சேரும். விபத்துக்கும் மாசுக்கும் செய்த இந்த ஏற்பாடுகளால், வாய்வழியாக விடும் ரப்பர் குழாய் பெட்ரோல் இருக்கும் இடத்தைத் தொடுவதே அரிதாகிவிட்டது. மேலே வழி இல்லை என்றானதும் திருடன் கீழே போனான்.

கீழே போவதற்கு பிக்கப்பைவிட வசதியான வண்டி கிடையாது. காருக்கு அடியில் நுழைய ஜாக்கி வேண்டும். பிக்கப்புக்கு வேண்டாம், மல்லாந்து படுத்து நகர்ந்தாலே போதும். டேங்க் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்தில், சேசிஸ் சட்டத்துக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் நடுவே, பின் ஆக்சிலுக்கு முன்னால் நீளவாக்கில் கிடக்கும். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தியவர்கள் இந்த வேலையை இன்னும் சுலபமாக்கிக் கொடுக்கிறார்கள்.

ஐந்து மில்லிமீட்டரில் ஆறு அடுக்கு

டேங்கின் அந்தப் பிளாஸ்டிக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இன்றைய டேங்கின் சுவர் சுமார் 5 மில்லிமீட்டர் கனம். அதற்குள் ஆறு அடுக்குகள். உள்ளும் புறமும் உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். நடுவே எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற மெல்லிய படலம். பெட்ரோல் ஆவி சுவர் வழியே கசியாமல் தடுப்பது அதுதான். அதன் இருபுறமும் ஒட்டுப் படலங்கள். மிச்சமுள்ள ஓர் அடுக்கு, வார்ப்பில் வெட்டி எறிந்த துண்டுகளையே அரைத்துச் சேர்த்தது. இவை சூடான குழாயாக ஒருசேரப் பிதுங்கி வர, இரண்டு அச்சுகள் அதைக் கவ்விக்கொள்ள, உள்ளே காற்றை ஊதி உருவம் கொடுக்கிறார்கள். அதனால்தான் சேசிஸின் சந்து பொந்துக்கெல்லாம் ஏற்ற வடிவில் டேங்க் அமைகிறது. துருப் பிடிக்காது, எடை குறைவு, மோதலில் நசுங்குமே தவிர தையல் விட்டுப் பிளக்காது.

அடியையும் நசுங்கலையும் தாங்கத் தெரிந்த இந்தச் சுவருக்குக் கூர்மையான ஓர் உலோக முனையைத் தாங்கத் தெரியாது. துளை விழுந்த பிறகு அடைப்பதும் முடியாத காரியம். பாலிஎத்திலீனில் பசை சரியாகப் பிடிக்காது. ஆவி நிறைந்த டேங்கைச் சூடுகாட்டி ஒட்ட நினைப்பது தற்கொலைக்குச் சமம். ஒட்டினாலும், அறுந்த தடுப்புப் படலம் மீண்டும் சேராது. ஆகவே முழு டேங்கையும் மாற்ற வேண்டியதுதான். கூலியும் சேர்ந்தால் பல வண்டிகளுக்கு இது ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். திருடனுக்கு 100 டாலர் பெட்ரோல், உரிமையாளருக்கு அதைப்போலப் பத்து மடங்கு நஷ்டம்.

துளையருகே நெருப்பு

காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். மூடிய டேங்குக்குள் ஆவி இதைவிட மிக அதிகம். பிராணவாயு போதாததால் உள்ளே சாதாரணமாகத் தீ பிடிக்காது. துளை விழுந்ததும் நிலைமை மாறுகிறது. வெளியே வழியும் பெட்ரோல் காற்றோடு கலக்கும் இடத்தில், எங்கோ ஓரிடத்தில் அந்த ஆபத்தான விகிதம் அமைந்தே தீரும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடிய ஆவி அது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, திருடன் படுத்திருக்கும் இடத்திலேயே தேங்கும். அவன் கையில் இருக்கும் டிரில் மோட்டாரோ பொறி பறக்கும் ரகமாக இருக்கலாம்.

தகடு போடுகிறவர் கவனத்துக்கு

பூட்டுள்ள மூடி அடியில் விழும் துளையைத் தடுக்காது. அலாரமும் பெரிதாக உதவாது. அது கதவு திறப்பதையும் கண்ணாடி உடைவதையும் வண்டி சாய்வதையும்தான் பார்க்கிறது. அடியில் படுத்திருப்பவன் இதில் எதையும் செய்வதில்லை. அங்கே வேலை செய்யக்கூடியது ஸ்கிட் பிளேட் எனப்படும் காப்புத் தகடு. கரடுமுரடான பாதையில் பாறை உரசாமலிருக்க வந்த பொருள் இது. எஃப்-150-இன் எஃப்எக்ஸ்4 தொகுப்பில் டேங்குக்கான தகடு கம்பெனியிலிருந்தே வருகிறது. ஆனால் பல வண்டிகளில் டேங்குக்கு அடியில் தெரியும் மூடி கல்லடிக்கு மட்டும் போட்ட பிளாஸ்டிக். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்பா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு சுமார் 23.5 கிலோ எடை. நிரம்பிய 36 கேலன் டேங்கில் பெட்ரோல் மட்டுமே 100 கிலோ இருக்கும். அதைத் தாங்கும் பட்டைகளில் தகட்டையும் தொங்கவிடக் கூடாது. சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். டேங்க் அருகே வெல்டிங் கூடவே கூடாது. தகடு டேங்கை உரசாதபடி இடைவெளி வேண்டும். சேறும் தண்ணீரும் வெளியேற வடிகால் துளைகள் வேண்டும். அவை டேங்கின் தாழ்ந்த பகுதிக்கு நேர்கீழே பெரிதாக இருந்தால் தகடு போட்ட பயனே போய்விடும். பெட்ரோல் பம்ப் டேங்கின் மேல்புறத் திறப்பு வழியாக உள்ளே பொருத்தப்பட்டிருப்பதால், பல வண்டிகளில் அது பழுதானால் மெக்கானிக் டேங்கையே கீழே இறக்குவார். எனவே தகடு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். போல்ட்டுகள் சாதாரண ஸ்பேனருக்கு மசியாத தலை உடையவையாக இருந்தால் நல்லது.

காலையில் வண்டியை நெருங்கும்போதே பெட்ரோல் நெடி அடித்தால், தரையில் ஈரம் தெரிந்தால், சாவியைத் திருப்பாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடாமல் விலகி நின்று 911-க்குச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் பகுதி இருந்தால் டேங்க் செலவு அதில் வரும். ஆனால் 500 அல்லது 1,000 டாலர் வரை முதலில் கைக்காசு போடவேண்டியிருக்கும்.

எந்தத் தகட்டையும் நேரம் கிடைத்தால் துளைக்கலாம். பிளாஸ்டிக்கில் சத்தமில்லாமல் சட்டென்று முடிகிற வேலையை இரும்பு நீட்டுகிறது, ஊரைக் கூட்டும் சத்தமும் போடவைக்கிறது. அவ்வளவுதான் அதன் பலம். ஆகவே எல்லோருக்கும் தகடு தேவையில்லை. வீட்டுக்குள் கராஜ் இருப்பவர் அதைப் பூட்டினால் போதும். வாசலில் நிறுத்துகிறவர், டேங்க் உள்ள பக்கம் சுவரை ஒட்டி வருமாறு நிறுத்தி, ஆள் அசைந்தால் எரியும் விளக்கு ஒன்று போட்டால் பாதி வேலை முடிந்தது. பத்துப் பதினைந்து பிக்கப்புகளைத் திறந்த மைதானத்தில் இரவெல்லாம் விட்டுவைக்கும் ஒப்பந்தக்காரர்தான் தகட்டுக்குச் செலவழிக்க வேண்டியவர். அவருக்கும் காசில்லாத வழி ஒன்று உண்டு: மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்தாமல், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நிரப்பிக்கொள்வது.