மாளிகையில்லா அரசிருக்கைகள்: வன்னியின் வரலாற்று நினைவு குறித்துச் சில கருத்துகள்

வரலாற்றுச் சின்னங்களைக் காணவரும் உல்லாசப் பிரயாணிகள் பொலன்னறுவையிற் பராக்கிரமபாகுவின் அரண்மனையையும், கண்டியில் அரசமாளிகையையும், நல்லூரில் சங்கிலியன் தோப்பையும் மந்திரிமனையையும் காண்கின்றனர். வன்னிப் பெருநிலத்தில் அவர்களுக்குக் காட்டத்தக்க அரண்மனை எதுவுமில்லை. இவ்வின்மையைக் கொண்டு வன்னிக்கு அரசியல் வரலாறே இல்லையெனக் கருதுவோரும், குறையை ஈடுசெய்யப் பொன்மாடங்களைக் கற்பித்துக்கொள்வோரும் உளர். இரு சாராரும் மன்னர் வாழ்ந்த மனையையே வரலாற்றின் அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோலையே நாம் இங்கு ஆராய வேண்டியுள்ளது.

பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவாடி ஆகிய பற்றுக்களை வன்னியர் எனப்பட்ட தலைவர்கள் ஆண்டனர். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னரும் இவர்கள் பெருமளவு சுயாதீனமாகவே இயங்கினர். 1679 இல் கண்டியிலிருந்து தப்பி அரிப்பை அடைந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், கயிலை வன்னியன் கண்டியரசனுக்கோ ஒல்லாந்தருக்கோ அடங்காதவனென்றும், ஆயினும் ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் யானைகளைத் திறையாக அளித்தானென்றும் கூறுகின்றார்.

அத்திறை வன்னியின் பொருளாதார அடித்தளத்தை உணர்த்துவது. குளத்து நீரை நம்பிய நெற்செய்கை, சேனைப்பயிர், காடுபடு பொருள், யானை என்பனவே அதன் வளங்கள். சிதறிக் கிடந்த சிற்றூர்களின் உழைப்பிலிருந்து திரண்ட உபரி சிறிது. அதிலும் ஒரு பகுதி திறையாக வெளியேறியது. கல்லும் செங்கல்லும் கொண்டு மாளிகை எழுப்பும் ஆற்றல் அத்தகைய சமுதாயத்தில் உருவாதல் அரிது. மண்ணாலும் மரத்தாலும் ஆகிய மனைகள் மழைக்கும் கறையானுக்கும் இரையாகும். ஏழு மாடங்கள் கொண்டதெனச் சொல்லப்படும் பொலன்னறுவை அரண்மனையிலும் செங்கற் சுவர்களே எஞ்சியுள்ளன என்பது ஈண்டு நினையத்தக்கது. கண்டி இராச்சியத்திற் பொதுமக்கள் தம் வீட்டிற்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என நொக்ஸ் எழுதுகின்றார். எது நிலைத்து நிற்கும் என்பதையும் வர்க்க அதிகாரமே தீர்மானித்தது எனலாம்.

மாளிகைகள் காட்சிப்பொருளாவது, பெரும்பாலும் அவற்றில் வாழ்ந்த அதிகாரம் வீழ்ந்த பின்னரே. பிரெஞ்சுப் புரட்சி 1793 இல் லூவர் அரண்மனையை மக்களின் அருங்காட்சியகமாகத் திறந்தது. வன்னியில் நிகழ்ந்தது வேறு. 1782 இல் ஒல்லாந்தர் படையெடுத்து நேரடி நிருவாகத்தைத் திணித்தனர். 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்ரோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான். அவ்விடத்து நடப்பட்ட கல் வென்றவனின் ஆங்கில வாசகத்தையே தாங்கியது. தோற்றவனை நினைவுகூரும் சிலை வவுனியா நகரில் எழ நெடுங்காலம் சென்றது.

வென்றோர் தோற்றோரின் இருப்பிடத்தைக் காட்சிப்படுத்தும் இவ்வியல்பு அண்மைக் காலத்திலும் வெளிப்பட்டது. 2009 இல் போர் முடிவுற்றபின் புதுக்குடியிருப்பில் விடுதலைப் புலிகளின் தலைவரது நிலக்கீழ் உறைவிடம் தென்னிலங்கைப் பிரயாணிகளின் காட்சித்தலமாயிற்று. 2013 ஒக்ரோபரில் அது தகர்க்கப்பட்டது. அதே காலத்திற் கேப்பாப்புலவு மக்கள் இராணுவத்தின் வசமிருந்த தம் காணிகளுக்குத் திரும்ப இயலாதிருந்தனர். ஒருவனின் உறைவிடத்தைக் காணப் பேருந்துகள் வந்தன. ஓர் ஊரின் உறைவிடங்களோ முட்கம்பிக்குள் இருந்தன. இம்முரண்பாட்டைக் காணாத மரபுரிமை ஆய்வு முழுமையானதாகாது.

அவ்வாறாயின் வன்னியில் நாம் பேணவேண்டியவை யாவை? வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, கணுக்கேணி, முத்தையன்கட்டு என விரியும் குளங்களை நோக்குவோம். மன்னர் ஆணையிட்டிருக்கலாம், மண் சுமந்தோர் மக்களே. தலைமுறை தலைமுறையாக அணைக்கட்டைச் செப்பனிட்டுக் காத்தோரும் அவர்களே. மாளிகை உபரியை நுகர்ந்த இடம். குளம் உபரியைப் பிறப்பித்த இடம். முன்னது எங்கணும் பாழடைந்து நுழைவுச்சீட்டுக்கு உரியதாக, பின்னது இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றது.

எனவே வன்னிக்கு வருபவர் "அரண்மனை எங்கே?" என வினவுவாராயின், நாம் அவரைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லலாம். அங்கு உழைப்போரின் பெயர்களையும் வாய்மொழி வழக்காறுகளையும் தொகுக்கும் பணி ஆய்வாளர்களாகிய நம்மைச் சார்ந்தது. அதனைத் தொடங்குவதற்கு அகழ்வாராய்ச்சி அனுமதி தேவையில்லை.