பேரை விடுங்க, ஆளைத் தேடுங்க

மறந்துபோன இண்டி பாப் பேண்டுகளை எப்படிப் பிடிக்கிறதுன்னு கேட்டா, நான் சொல்றது ஒண்ணுதான்: பேண்டோட பேரை விட்டுட்டு, வாசிச்ச ஆள் அடுத்து எங்கே போனாங்கன்னு பாருங்க.

டலூலா காஷ்னு ஒரு பேண்டு. இங்கிலாந்து, ஆக்ஸ்ஃபோர்டு, 1986. ரெண்டே வருஷத்துல கலைஞ்சாச்சு. அதைக் கேட்டு முடிச்சா, ஸ்ட்ரீமிங் ஆப் அதே மாதிரி சத்தம் உள்ள வேற யாரையாவது நீட்டும். நான் அதுல பாடின அமீலியா ஃப்ளெட்சர் பின்னாடி போனேன். அடுத்த பேண்டு ஹெவன்லி, வெளியிட்டது பிரிஸ்டல்ல இருந்த சாரா ரெக்கார்ட்ஸ். அந்த லேபிளே தனி உலகம். 1987-ல ஆரம்பிச்சு, 1995-ல நூறாவது எண்ணோட அவங்களே மூடிட்டாங்க. ஐம்பதாவது எண் பாட்டே கிடையாது, ஒரு போர்டு கேம்!

1996-ல ஹெவன்லியோட டிரம்மர் மேத்யூ இறந்துட்டார். அமீலியாவோட தம்பி. மத்தவங்க வாசிக்கிறதை நிறுத்தல; அந்தப் பேரை மட்டும் விட்டுட்டாங்க. மரீன் ரிசர்ச்னு புதுப் பேர். ஹெவன்லின்னு மட்டுமே தேடுறவங்களுக்கு இது கண்ணுலயே படாது.

அப்புறம் டெண்டர் டிராப், கேட்டனரி வயர்ஸ். இப்போ அமீலியாவும், ஹெவன்லில கூட வாசிச்ச ராப் பர்சியும் ஸ்கெப் வாக்ஸ்னு ஒரு லேபிள் நடத்துறாங்க. ஹெவன்லி ஆல்பங்களை மறுபடி வினைல்ல கொண்டுவந்தது அவங்கதான். பேனிக் பாக்கெட் மாதிரி புதுசுகளையும் போடுறாங்க. அதை முதல்ல கேளுங்க. 2023-ல ஹெவன்லிங்கிற பேர்லயே திரும்ப மேடையும் ஏறிட்டாங்க.