தலை திருப்பும் நொதி

குளத்துச் சேற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, கிழித்த செய்தித்தாளும் முட்டையின் மஞ்சள் கருவும் சேர்த்து ஜன்னலோரம் வையுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். சில வாரங்களில் உள்ளே செந்நிறப் பட்டை படரும். அது ஒளியை உண்டு வாழும் ஊதாப் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் ரோடோபாக்டர் காப்சுலேட்டஸ். ஆக்சிஜன் இருந்தால் நம்மைப் போலச் சுவாசிக்கும். இல்லாமல் வெளிச்சம் மட்டும் கிடைத்தால் ஒளிச்சேர்க்கைக்கு மாறிக்கொள்ளும். பாடப்புத்தகம் இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்திருக்கிறது. இந்த உயிரிலோ இரண்டு வேலைக்கும் ஒரே நொதிதான். சவ்வில் பதிந்திருக்கும் அதன் பெயர் சைட்டோகுரோம் பிசி1.

நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே குடும்ப நொதி உண்டு. மாட்டு இதயத்திலிருந்து எடுத்ததில் 11 வகைப் புரதங்கள் இருக்கின்றன. காப்சுலேட்டஸுக்கு மூன்றே போதும்: சைட்டோகுரோம் பி, சைட்டோகுரோம் சி1, இரும்பும் கந்தகமும் தாங்கிய ரீஸ்கே புரதம். இந்த மூன்றும் சேர்ந்த தொகுதிகள் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும்.

குயினோல் என்ற மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களோடு வருகிறது. இங்கே அவை பிரிகின்றன. ஒன்று ரீஸ்கே புரதத்துக்கும் அங்கிருந்து சி1-க்கும் போகிறது. மற்றது சைட்டோகுரோம் பி-யிலுள்ள, இரும்பு தாங்கிய இரண்டு ஹீம்கள் வழியாகச் சவ்வின் மறுபுறம் சென்று, அங்குள்ள குயினோனை (எலக்ட்ரான்களை இழந்த குயினோலை) சேர்கிறது. இதற்கிடையே புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே குவிகின்றன. அவை உள்ளே திரும்பும் விசையில்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உருவாகிறது. இந்தச் சுழற்சியை 1975-இல் முன்வைத்தவர் பீட்டர் மிட்செல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழைய மாளிகையொன்றைச் சீர்செய்து, அதையே ஆய்வகமாக்கிக்கொண்டவர். 1978-இல் நோபல் பரிசு பெற்றார்.

எனக்கு இந்த நொதியில் தீராத வியப்பு, அதன் அசைவு. 1998-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் கோழியின் நொதியைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். ஸ்டிக்மாடெல்லின் என்ற தடுப்பான் சேர்த்த படிகத்தில் ரீஸ்கே புரதத்தின் தலை சைட்டோகுரோம் பி-யை ஒட்டியிருந்தது. சேர்க்காததில் சி1 பக்கம் சாய்ந்திருந்தது. அதாவது, அந்தத் தலை கதவு போலக் கீலில் திரும்புகிறது! இங்கே எலக்ட்ரானை வாங்கி, அங்கே கொடுத்துவிட்டு வருகிறது. அசையாத படிகங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஓர் அசைவைக் கண்டுபிடித்த அந்தக் கட்டத்தை வகுப்பில் என்னால் வேகமாகக் கடந்து போக முடிவதில்லை.

தலை உண்மையிலேயே அப்படித் திரும்புகிறதா என்று சோதிக்கக் காப்சுலேட்டஸ்தான் கைகொடுத்தது. இந்த நொதியைச் சிதைத்தாலும் அது சாகாது. ஆக்சிஜன் இருந்தால் வேறொரு வழியில் சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். ஒளிச்சேர்க்கை மட்டும் நின்றுபோகும். எனவே மரபணுவைத் துணிந்து மாற்றலாம். பென்சில்வேனியாவில் ஃபெவ்சி டல்டாலின் குழு, கீல் பகுதியில் அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கூடுதலாகச் செருகியது. ஒளியை ஒரு கணம் பாய்ச்சி வினையைத் தொடங்கிவைத்து, எலக்ட்ரான் நகர்வதை அளந்தார்கள். தலையின் ஓட்டம் தளர்ந்திருந்தது. 2004-இல் இந்தப் பாக்டீரியாவின் நொதி வடிவமும் எக்ஸ்-கதிர் ஆய்வில் வெளிவந்தது.

சைட்டோகுரோம் பி-யில் குயினோல் வந்தமரும் குழிக்குள்தான் மலேரியா மருந்தான அட்டோவாகுவோனும், பயிர்களுக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியான அசாக்சிஸ்ட்ரோபினும் போய் அடைத்துக்கொள்கின்றன. சைட்டோகுரோம் பி-யின் 143-ஆம் இடத்தில் கிளைசின் அலனினாக மாறினால் போதும், பூஞ்சை அசாக்சிஸ்ட்ரோபினுக்கு அடங்காமல் தப்பிவிடும்.