தென்னை நார்த்தூளில் பயிர்: நீரும் உரமும்

தென்னை நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் பயிருக்குப் போதுமான சத்துகள் அதில் இல்லை. பயிருக்கு வேண்டியதை நீரோடுதான் கொடுக்க வேண்டும்.

முதல் சிக்கல் உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உள்ளன. மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்திருந்தால் சோடியம் இன்னும் கூடும். நல்ல நீரில் அலசினால் கரைந்த உப்பு வெளியேறும். தூளின் பரப்பில் ஒட்டிய பொட்டாசியமும் சோடியமும் எளிதில் போகாது. அவை பின்னர் உரத்திலுள்ள கால்சியம், மக்னீசியத்துக்கு இடம்விட்டுக் கரைசலில் கலக்கும். பயிருக்குக் கால்சியம் குறையும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். நடவுக்கு முன்பே தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து அலசுவதே சரியான தீர்வு. பொள்ளாச்சிப் பகுதி ஆலைகள் ஏற்றுமதிக்காக இப்படிப் பதப்படுத்திய தூளையும் தயாரிக்கின்றன.

அடுத்தது பாசன நீர். கடினமான ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட், வேர்ப்பகுதியின் பி.எச். அளவை உயர்த்தும், இரும்புச் சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும். பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது.

ஒவ்வொரு பாசனத்திலும் 10 முதல் 20 சதவீத நீர் அடியில் வடியட்டும். வடிநீரின் உப்பளவு, ஊற்றிய கரைசலைவிட மிக அதிகமானால் உரத்தைக் குறைத்துப் பாசனத்தைக் கூட்டுங்கள்.