கருவிழி தெளியும் காலம்

காலையில் நாளிதழ் எழுத்துகள் பனிமூட்டத்தில் மறைந்தாற்போல் தோன்றி, நண்பகலுக்குள் ஓரளவு தெளிகின்றன. மூத்த வாடிக்கையாளர்கள் சிலர் இதனைக் கண்புரை என்றே எண்ணிவிடுகின்றனர். கருவிழியின் உட்படல நோயாகவும் அது இருக்கலாம்.

கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக அமைந்த உயிரணுக்கள், அதனுள் ஊறும் நீரை ஓயாது வெளியேற்றுகின்றன. அழிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியன தோன்றுவதில்லை. அவை மிகக் குறைந்தால் கருவிழி நீர் கோத்துத் தடிக்கும். இமை மூடிய இரவில் அந்த ஈரம் ஆவியாவதில்லை. காலை மங்கலுக்கு அதுவே காரணம். 1910இல் இதனை விவரித்த வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது.

முன்பு கருவிழியின் முழுத் தடிமனையும் மாற்றித் தையலிட்டனர். பார்வை நிலைபெற ஓராண்டுகூட ஆகும். இன்று 'டிமெக்' முறையில், தலைமுடியினும் மெல்லிய உட்படலம் மட்டும் கொடையாளரிடமிருந்து பெற்றுப் பொருத்தப்படுகிறது. அதற்குத் தையல் இல்லை. கண்ணுக்குள் செலுத்தப்படும் காற்றுக் குமிழே அதனைத் தாங்கி ஒட்டவைக்கிறது. குமிழ் மேல்நோக்கி அழுத்த வேண்டுமாதலால், நோயாளி முதல் சில நாள்கள் பெரும்பாலும் மல்லாந்தே படுத்திருத்தல் வேண்டும். வாயுக் குமிழ் கரையும்வரை விமானப் பயணம் கூடாது.

அந்நாள்களில்தான் மனம் தளர்கிறது. கண்புரை அறுவை செய்துகொண்ட அண்டை வீட்டார் மறுநாளே படிக்கத் தொடங்கியிருப்பார். இங்கோ வெறும் நிழலுருவங்கள். குமிழ் சுருங்கும்போது நீர்மட்டம்போல் ஒரு கோடு அசையும். பலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்குச் சில மாதங்களிலும் தெளிவு வரும். அவசரப்பட்டுப் புதிய கண்ணாடி வாங்குவது வீண்செலவு என்போம். படலத்தின் ஓரம் விலகினால் மீண்டும் குமிழ் செலுத்த நேரிடும். அச்செலவையும் காப்பீடு ஏற்குமா என முன்னரே கேட்டறிதல் நலம்.

சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. கண் சிவத்தல், வலி, வெளிச்சக் கூச்சம், மீண்டும் மங்கல் ஆகியன தென்பட்டால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்; உடல் அப்படலத்தை ஏற்க மறுப்பதன் அறிகுறியாக அவை இருக்கலாம்.

இச்சிகிச்சைக்குரிய படலம் கண் தானத்தால் மட்டுமே கிடைக்கிறது. கணக்கிற்கு வாரிசு நியமிக்கும் நாம், கண் தான விருப்பத்தையும் அவர்களிடமே சொல்லிவைக்கலாம். இறந்தபின் 6 மணி நேரத்திற்குள் கண்கள் பெறப்பட வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவைத்தல் வேண்டும்.